வாட்டர் கேஸ் ஷிஃப்ட் வினைக்கு எந்த வேகச் சமன்பாடு போட்டாலும் பொருந்துகிறதே, எதை எடுப்பது?

டர்பனில் முதுகலை ஆய்வு, இரும்பு-குரோமியம் வினையூக்கி, 430 டிகிரி. பவர் லா (ஒவ்வொரு வாயுவின் பகுதியழுத்தத்தையும் ஒரு படிக்கு உயர்த்திப் பெருக்குவது), லாங்மியூர்-ஹின்ஷெல்வுட் (வாயுக்கள் வினையூக்கியின் பரப்பில் ஒட்டி வினைபுரிவதாகக் கொள்வது), ரெடாக்ஸ் (பரப்பு மாறி மாறி ஆக்சிஜனை இழந்து பெறுவதாகக் கொள்வது) மூன்றுமே உங்கள் அளவீட்டுக்குப் பொருந்துகின்றன, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, மூன்றும் பொருந்துகிறது என்றால் எனக்குச் சந்தேகம் அளவீட்டின் மேல்தான் வருகிறது.

இந்த வினையில் கார்பன் மோனாக்சைடும் நீராவியும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் ஆகும்போது மோலுக்கு 41 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது, அதனால் சூடு ஏற ஏற சமநிலை பின்வாங்கும். சமநிலை மாறிலி 200 டிகிரியில் 200-ஐத் தாண்டும், 400-இல் 12 அளவுதான். 430-இல் வினை வேகமாக நடக்கும், வாயு மெதுவாகப் போனால் குழாயின் பாதியிலேயே சமநிலையைத் தொட்டுவிடும். அதற்கு அப்புறம் நீங்கள் வெளிவாயில் அளப்பது வினைவேகமே இல்லை. மூன்று சமன்பாட்டிலும் (1 − β) என்ற சமநிலைக் காரணி இருக்கிறது (β என்பது வாயு சமநிலையை எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதன் அளவு, ஒன்று என்றால் சமநிலை), பொருந்துவது அது மட்டும்தான். வெளிவரும் வாயுவுக்கு β-வைக் கணக்கிடுங்கள்: கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் பகுதியழுத்தங்களின் பெருக்கலை, மோனாக்சைடு, நீராவி, சமநிலை மாறிலி மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். ஒன்றை நெருங்கும் புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, வினையூக்கியைக் குறைத்தோ வாயுவைக் கூட்டியோ, மோனாக்சைடில் வினைபுரியும் பங்கு 10 சதவீதத்துக்குள் நிற்கும்படி திரும்ப எடுங்கள்.

சரி, அடுத்தது வினையூக்கி வில்லையின் அளவு. நானும் இதே ஊரில்தான் படித்தேன், தொழிற்சாலை வில்லையை அப்படியே குழாயில் நிரப்பினேன், கிளர்வு ஆற்றல் (சூட்டோடு வேகம் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் காட்டும் எண்) மோலுக்கு 60 கிலோஜூலுக்குக் கீழே வந்தது. இந்த வினையூக்கிக்கு 110, 120 வர வேண்டும். சமன்பாட்டை மாற்றி மாற்றி இரண்டு மாதம் போனது. பாதி மதிப்பு வந்தாலே, வாயு நுண்துளைக்குள் நுழைவதுதான் தாமதம் என்று பொருள். இடித்துச் சலித்து, கால் மில்லிமீட்டர் துகளில் எடுத்ததும் எண் மேலே ஏறியது. அந்தத் துகளில் கிடைப்பதுதான் வினையின் உண்மையான வேகம், ஆனால் ஆலையின் கலனில் இருப்பது வில்லை என்பதால், கலனுக்கு மாதிரி எழுதும்போது பயன்திறன் காரணியை (நுண்துளைத் தாமதத்தால் வில்லையில் கிடைக்கும் வேகம், உண்மையான வேகத்தில் எத்தனை பங்கு என்பது) தனியாகப் பெருக்க மறக்காதீர்கள்.

இரண்டையும் சரிசெய்த பின் பவர் லாவே போதும் என்பது என் கருத்து. மோனாக்சைடின் படி ஒன்றை ஒட்டி வரும், நீராவிக்குச் சிறியது, கார்பன் டை ஆக்சைடுக்கு எதிர்க்குறி, ஹைட்ரஜனுக்குக் கிட்டத்தட்ட சுழியம். 200 டிகிரியில் ஓடும் செம்பு-துத்தநாக வினையூக்கி என்றால் லாங்மியூர்-ஹின்ஷெல்வுட் எழுதும் உழைப்புக்குப் பலன் உண்டு, அங்கே பரப்பில் எது எவ்வளவு ஒட்டிக்கிடக்கிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும்.

பின்னால் செகுண்டா (நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்யும் ஆலை உள்ள தென்னாப்பிரிக்க ஊர்) பக்கம் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்று: அங்கே வாயு நிலக்கரியிலிருந்து வருவது. கந்தகம் நீக்காத வாயுவில் செம்பு செத்துவிடும், கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கியோ கந்தகம் இருந்தால்தான் உழைக்கும். இரும்பு-குரோமியத்துக்கு நீங்கள் எடுத்த எண்களை அங்கே கொண்டு போகாதீர்கள்.

β எவ்வளவு வந்தது என்று கருத்தில் போடுங்கள், பார்க்கிறேன்.