ஆட்டோகேட் போர்டில் ரிலே மாற்றினேன். ஈயம் உருண்டை உருண்டையாக நிற்கிறது, கேட் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. ரிலே கெட்டுவிட்டதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 30 வாட் சால்டரிங் அயர்ன், ஊசிமுனை, ஹார்ட்வேர் கடையில் வாங்கிய டப்பா பசை என்று விவரமும் கொடுத்திருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்சான ரிலேமேல் பழி போட வேண்டியதில்லை. பற்றவைத்ததில்தான் கோளாறு.

ஈயம் உருண்டையாக நின்றால் பேடில், அதாவது போர்டில் கால் பற்றவைக்கும் செப்புப் புள்ளியில், பிடிக்கவில்லை என்று அர்த்தம். சூடும் சுத்தமும் உள்ள உலோகத்தில்தான் அது படரும். மோட்டார் கரண்ட் போகிற செப்புப் பாதை அகலமாக இருப்பதால் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஊசிமுனையால் ஈடுகொடுக்க முடியாது. அதற்காக 450 டிகிரிக்கு ஏற்றிவிடாதீர்கள். உலோகத்தின் அழுக்கை நீக்கும் ஃபிளக்ஸ் வேலை செய்யும் முன்பே கருகிவிடும், பேடும் போர்டை விட்டு உரிந்து வந்துவிடும். 60 வாட் அயர்ன், 2.4 அல்லது 3.2 மி.மீ. தட்டைமுனை, 350 டிகிரி போதும்.

அந்த டப்பா பசை தண்ணீர்க் குழாய்க்கானதா என்று பாருங்கள். அதில் பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடு இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அது செப்பை அரித்து, கொஞ்ச நாளிலேயே பச்சை பூக்க வைக்கும். போர்டுக்கு ரோசின் (பைன் மரப் பிசின்) ஃபிளக்ஸ் மட்டும்தான். ஏற்கெனவே பூசியிருந்தால் 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்கள்.

ஈயக் கம்பி 63/37 (63% வெள்ளீயம், 37% காரீயம்), 0.8 மி.மீ., நடுவில் ரோசின் உள்ளது வாங்குங்கள். ஈப்போவில் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கிடைக்கும், கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலும் கிடைக்கும். பினாங்கில் பிறையிலோ பாயான் லெப்பாசிலோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் காரீயம் இல்லாத கம்பிதான் சரி என்பார்கள். ஏற்றுமதிச் சரக்குக்கு அது சரி. மின்னணுச் சாமான்களில் காரீயம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஹ்ஸ் விதி 2006 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. வீட்டுப் பழுதுக்கு 63/37தான் என் ஓட்டு. இது 183 டிகிரியில் சட்டென்று உருகி சட்டென்று உறையும். காரீயம் இல்லாதது உருக 217க்கு மேல் வேண்டும். வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் ரொட்டியைத் தொடாதீர்கள்.

போர்டைக் கழற்றும் முன் 240 வோல்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, 12 வோல்ட் பேட்டரி வயரையும் எடுங்கள். அதில் ஷார்ட் ஆனால் வயரே உருகும்.

இனி பழைய ஈயத்தை எடுக்கவேண்டும். எடுக்கும் முன் அதன்மேலேயே கொஞ்சம் புது ஈயம் ஊற்றுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இரண்டும் கலந்தால் உருகும் சூடு இறங்கி, சக்கரில் (ஈயம் உறிஞ்சும் பம்ப்) இழுக்கும்போது ஓட்டை சுத்தமாகத் திறக்கும். மிச்சத்தைச் செப்புப் பின்னல் நாடாவால் ஒற்றி எடுங்கள். ரிலேயின் கால் கறுத்திருந்தால் கத்தி முனையால் லேசாகச் சுரண்டுங்கள்.

முனையில் துளி ஈயம் ஏற்றி, காலையும் பேடையும் ஒருசேரத் தொடும்படி வைத்து இரண்டு விநாடி பொறுங்கள். கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுங்கள், முனைமேல் வைத்து உருக்கக்கூடாது. ஈயம் காலைச் சுற்றிச் சரிவாக ஏறியதும் முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை. உறையும்வரை ரிலேயை அசைத்தால் உள்ளே விரிசல் விழும். ஐந்து விநாடியில் படரவில்லையா, நிறுத்தி ஆறவிட்டு ஃபிளக்ஸ் தடவி மறுபடி தொடங்குங்கள். பேட் ஏற்கெனவே உரிந்துவிட்டிருந்தால், அந்தப் பாதை போய்ச் சேரும் அடுத்த இணைப்புவரை 1.5 சதுர மி.மீ. செப்பு வயர் ஓட்டுங்கள். மெல்லிய வயர் மோட்டார் கரண்டைத் தாங்காது.

ரிலே நல்லதா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால், கழற்றிய நிலையில் அதன் காயிலை (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) மல்டிமீட்டரில் பாருங்கள். சிறிய 12 வோல்ட் ரிலே 400 ஓம் சுற்றுவட்டாரத்தில் காட்டும். 24 வோல்ட் ரிலேயைத் தெரியாமல் வாங்கியிருந்தால் அதுவும் இங்கே பிடிபடும், ஏனென்றால் அது பல மடங்கு கூடுதலாகக் காட்டும்.

பூட்டிய பிறகு மெயின் பிளக்கைப் போடாமல் பேட்டரியில் மட்டும் கேட்டை ஓட்டி, சாத்தே குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் மெல்ல அழுத்திப் பாருங்கள். கேட் அருகில் பிள்ளைகள் யாரும் நிற்கவேண்டாம். எதை அழுத்தும்போது கேட் நிற்கிறதோ அல்லது திணறுகிறதோ, அங்கேதான் விரிசல். பழைய போர்டுகளில் காலைச் சுற்றி முடிபோல ஒரு வட்டக்கோடு தெரியும். வெயிலில் பெட்டி காய்ந்து ஆறுவதாலும் கேட் அதிர்வாலும் வருவது அது. அந்தக் கோடு தெரிகிற இடத்திலெல்லாம் புது ஈயம் சேர்த்து மறுபடி பற்றவையுங்கள்.

பல்லியும் எறும்பும் உள்ளே போகிற வயர் ஓட்டையைச் சிலிக்கோனால் அடைக்கலாம். வினிகர் வாடை வருகிற சிலிக்கோன் மட்டும் வேண்டாம், காயும்போது வரும் ஆவியே செப்பை அரிக்கும். டியூபில் ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.