போரிலிருந்து தப்பி வந்த அகதிகள் பலர் நடந்ததைப் பேச மறுப்பது ஏன்? பேசுவது சிகிச்சையாகுமா?

பெருந்துயரத்துக்குப் பின் ஒருவர் தம் மனத்தைத் தாங்கிப் பிடிக்கக் கையாளும் வழியையே சமாளிப்பு முறை என்கிறோம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் கொண்ட அகதிகளிடம் அடிக்கடி காணப்படுவது தவிர்த்தல்: சீருடையைக் கண்டால் வேறு தெருவில் திரும்புவது, ஊர்ச் செய்தி வந்தால் வானொலியை அணைப்பது, யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவது. தப்பி ஓடிய நாட்களில் உயிரைக் காத்ததும் இந்த எச்சரிக்கைதான் என்பதால், இதைக் கோழைத்தனம் என்பது பெரும் அநியாயம். ஆனால் முள் தைத்த காலை ஊன்றாமல் நொண்டி நடந்தால் வலி அப்போதைக்குக் குறையுமே தவிர, முள் உள்ளேதான் இருக்கும்.

பேரச்சத்தின்போது ஓசையும் வாசனையும் உடல் நடுக்கமும் நினைவில் ஆழப் பதிகின்றன. எங்கே, எப்போது என்பது அவற்றோடு சரியாக இணைவதில்லை. அதனால்தான் எங்கோ பட்டாசு வெடித்தாலும் குண்டு இப்போதே விழுவதாக உடல் பதறுகிறது.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உருவாக்கிய கதைசொல்லல் சிகிச்சை இந்த இணைப்பைச் சரிசெய்ய முயல்கிறது. தரையில் கயிறு ஒன்றை விரித்து, பிறப்பு முதல் நடந்தவற்றில் நல்லவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வரிசையாக வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு கல்லின் கதையையும் நிதானமாகக் கேட்டு எழுதி, அடுத்த அமர்வில் அவருக்கே வாசித்துக் காட்டுவார்கள். உகாண்டாவின் இம்வேபி முகாமில் சூடானிய அகதிகளிடையே நடந்து 2004இல் வெளியான ஆய்வில், நான்கே அமர்வுகளில் இதைப் பெற்றவர்களுள் பெரும்பாலோரிடம் ஓராண்டுக்குப் பின் அந்நோய் இருக்கவில்லை.

இச்சிகிச்சை நினைவையே அழித்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது எதையும் அழிப்பதில்லை, நடந்தது முடிந்துவிட்டது என்பதை உடலும் உணரும்படி செய்கிறது.