ஒரு நாடு "வயசாகுது" எண்டா என்ன?

மொத்த சனத்தொகையில சின்னப் பிள்ளையளின்ட பங்கு குறைஞ்சு 60 தாண்டின ஆக்களின்ட பங்கு கூடுறதத்தான் அப்பிடிச் சொல்லுறது. இலங்கையில 1981ல அவங்கட பங்கு 6.6 வீதம், 2012 கணக்கெடுப்பில 12.4, கிட்டத்தட்ட டபுள். திருகோணமலையில இருந்து குச்சவெளி போற பஸ்ஸ நினைச்சுப் பாருங்கோ, உப்புவெளி நிலாவெளியில ஸ்கூல் பொடியள் ஏறுறது வரவரக் குறையுது, முன் சீட்டு அம்மம்மாவும் கடைசி வரைக்கும் இறங்கிறதா இல்ல, அப்ப பஸ்ஸுக்குள்ள நரைச்ச தலை கூடத்தானே தெரியும். (வெளிநாடு போற இளசுகள் இடைவழியில இறங்கிற கேஸ்.) ஒரு பொம்பிளைக்கு சராசரி 2.1 பிள்ளைக்குக் கீழ போனா அடுத்த தலைமுறை சின்னனாகும். சனம் கனகாலம் உயிரோட இருக்கிறதாலதான் இது எண்டு கனபேர் நினைக்கினம், அதுவும் இருக்கு, ஆனா பெரிய காரணம் பிறப்பு குறைஞ்சதுதான்.