நிறைய விண்டோ திறந்தால் கம்ப்யூட்டர் எப்படிச் சமாளிக்கிறது? மினிமைஸ் செய்தால் வேகம் கூடுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: பெரும்பாலும் கூடாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பேனர் டிசைனுக்கு கோரல் டிரா, போட்டோவைச் சரிசெய்ய போட்டோஷாப், கஸ்டமர் அனுப்பும் படத்தை எடுக்க வாட்ஸ்அப் வெப் என்று நாள் பூரா திறந்தே கிடக்கும். மினிமைஸ் செய்தால் கண்ணுக்கு மறையுமே தவிர, புரோகிராம் ராமை (ஓடும் புரோகிராம்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) விட்டு நகராது. பிரவுசர் மட்டும், மறைந்திருக்கும் பக்கத்தின் வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் ஒவ்வொரு புரோகிராமுக்கும் சில மில்லி வினாடிகள் கொடுத்து மாறி மாறி ஓட்டுகிறது. விண்டோஸ் 3.1 வரை, ஓடுகிற புரோகிராமே மனசு வைத்து வழிவிட வேண்டும். ஒன்று அடம்பிடித்தால் எல்லாமே நின்றுவிடும். வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸ் 95-இல்தான் நேரம் முடிந்ததும் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கும் வழக்கம் வந்தது. அப்புறம், திறந்திருக்கும் விண்டோக்களில் பாதிக்கு மேல் நம் கிளிக்குக்காகச் சும்மா காத்திருப்பவை. அவை பிராசஸரைத் தொடுவதே அபூர்வம்.

திரையில் வரைவது தனிக் கதை. 1985-இல் வந்த முதல் விண்டோஸில் விண்டோக்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்க முடியாது, பக்கத்துப் பக்கத்தில்தான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் மேலே கிடக்கும் விண்டோவை நகர்த்தினால், அடியில் இருக்கும் புரோகிராமிடம் "உன் பகுதியை மறுபடி வரை" என்று தகவல் போகும். அது தொங்கிக் கிடந்தால் வரையாது. நகர்த்திய விண்டோவின் தடம் திரை முழுக்க இழுபடும். பார்த்திருப்பீர்கள். அதற்கடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஒவ்வொரு விண்டோவும் தன் படத்தைத் தனியாக நினைவகத்தில் வரைந்து வைக்கிறது, கிராபிக்ஸ் கார்டு அவற்றை அடுக்கிக் காட்டுகிறது. அதனால் தடம் போச்சு. "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வெளுத்து நிற்கிறதே, அது உண்மையில் அந்த புரோகிராமின் விண்டோவே இல்லை. சுமார் 5 வினாடி பதில் வராததால் விண்டோஸ் தானே கொண்டுவந்து வைத்த டூப்பு.

ஆக, கம்ப்யூட்டர் நிஜமாகவே இழுப்பது ராம் நிரம்பும்போதுதான். இடம் போதாமல் கொஞ்சத்தை டிஸ்குக்கு மாற்றி, கேட்கும்போது திரும்ப எடுக்கும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால், பெரிய பேனர் ஃபைலிலிருந்து பிரவுசருக்குத் தாவும்போது மவுஸ்கூட நின்று நின்று நகரும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பத்தியின் தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். யார் அதிகம் தின்கிறார்கள் என்று தெரியும். எங்கள் கடையில் எப்போதும் பிரவுசர்தான். ராம் முழுசாக நிரம்பியிருந்தால், புது பிராசஸர் வாங்கச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள். ராமைக் கூட்டி, ஹார்டு டிஸ்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டாலே போதும்.