அணியில் எந்த இடம் காலியாகிறது? அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி: கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பெற்றோர் அனுப்பியவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கவலைதான்: "என் பிள்ளையை ஏன் எடுக்கிறார்கள், ஏன் விடுகிறார்கள்?" கோச்சின் கண்ணால் அணியைப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். அங்கிருந்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கேள்வி: அண்ணா, மகனுக்கு 15 வயது. இளையோர் ஹாக்கியின் உச்சப் படியான டிரிபிள் ஏ-யில் ஆடுகிறான். அடுத்த வருடம், ஒன்டாரியோ ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல்.-இன் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். அந்த லீக்கில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரிக் கதவு மூடிவிடும் என்று இங்கே மற்றப் பெற்றோர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (ஸ்கார்பரோ வாசகி)

அது பழைய கதை, தங்கச்சி. ஓ.எச்.எல்., மேற்குக் கனடாவின் டபிள்யூ.எச்.எல்., கியூபெக் லீக் மூன்றும் சேர்ந்த ஜூனியர் அமைப்பான சி.எச்.எல்.-ஐ, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. வெகுகாலம் தொழில்முறை லீக்காகத்தான் வைத்திருந்தது. அங்கே வீரர்களுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுப்பார்கள். பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.-இன் அணிகளோடு ஒப்பந்தம் போட்ட பையன்களும் அதே அணிகளில் ஆடுவார்கள். அதனால் 15, 16 வயதிலேயே குடும்பங்கள் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை மறக்க வேண்டியிருந்தது. அந்த வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்டது அநியாயம் என்றே எப்போதும் நினைத்திருக்கிறேன்.

2024 நவம்பரில் விதியை மாற்றினார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் சி.எச்.எல்.-இல் ஆடியவர்களும் கல்லூரிக்கு வரலாம். டபிள்யூ.எச்.எல்.-இன் மெடிசின் ஹாட் அணியின் கேவின் மெக்கென்னா அந்தக் கோடையிலேயே பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் போவதாக அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இதே கதவு வழியாக மேற்கிலிருந்தும் கியூபெக்கிலிருந்தும் நூற்றுக்கணக்கான நல்ல வீரர்கள் வருகிறார்கள், இடங்கள் அதற்கேற்பக் கூடவில்லை. அதனால் மகன் எந்த ஜூனியர் லீக்கில் ஆடினாலும், கையெழுத்துப் போடும் முன் அந்த அணி தரும் கல்வி உதவியை எந்தப் பல்கலைக்கழகத்தில், எத்தனை வருடம் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்கு 18 வயது. ஒரு கோச், "உன்னை ரொம்பப் பிடித்திருக்கிறது. ஜூனியரில் இன்னும் இரண்டு வருடம் ஆடிவிட்டு வா" என்கிறார். மரியாதையாகக் கழற்றிவிடுகிறாரா?

இருக்கலாம். ஆனால் ஹாக்கியில் இந்த வார்த்தை பெரும்பாலும் உள்ளபடியே சொல்லப்படுவதுதான். மற்ற விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் பள்ளி முடிந்து அதிக காலம் போகும் முன் கல்லூரியில் சேர வேண்டும். ஹாக்கியிலோ 21-ஆவது பிறந்தநாள் வரை ஜூனியரில் ஆடிவிட்டு வந்தாலும் கல்லூரிச் சீசன் எதையும் இழக்காமல் முதலாமாண்டில் சேர இடமிருக்கிறது. அதனால்தான் முதலாமாண்டில் 20 வயது வீரர்கள் நிறைய.

கோச்சின் அறையில் ஒரு பலகை இருக்கும். மேலே வருடங்கள், கீழே பெயர்கள்: சென்டர், விங், இடதுகை டிஃபென்ஸ், வலதுகை டிஃபென்ஸ், கோலி. பெயரை அழிக்கவும் எழுதவும் வசதியாகக் காந்தப் பட்டைகள். இப்போது மூன்றாமாண்டில் இருக்கும் இரண்டு சென்டர்களும் ஒன்றாகப் படிப்பை முடித்துப் போகிறார்கள் என்றால், அதற்கடுத்த இலையுதிர்காலத்துக்கு இரண்டு சென்டர் தேவை. உங்கள் மகனின் பெயர் அந்தப் பத்தியில் இருக்கலாம். இந்த வருடமே வந்தால் அவன் கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வேண்டியதுதான்.

கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட வழக்கில் 2025-இல் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் உடன்பாட்டுக்குப் பிறகு இந்தப் பலகை இன்னும் இறுகிவிட்டது. உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளின் ஹாக்கி அணிக்கு உச்சவரம்பு 26 பேர். மூன்று கோலி, எட்டு ஒன்பது டிஃபென்ஸ், மீதி ஃபார்வர்ட். ஆட்ட இரவில் நான்கு வரிசை ஃபார்வர்ட் 12 பேர், மூன்று ஜோடி டிஃபென்ஸ் 6 பேர், கூட ஒருவர். வெள்ளி, சனி என்று அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் வருவதால் காயத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆள் கையில் இருக்க வேண்டும். முன்பு பயிற்சியிலேயே வளரட்டும் என்று உதவித்தொகை இல்லாமல் ஓரிருவரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் அருகிவருவதுதான் இந்த மாற்றத்தில் என்னை அதிகம் வருத்துகிறது. மெதுவாக மலரும் பையன்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

அதற்கு மேலே, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு. சீசன் முடிந்ததும் வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிய 22 வயது சென்டர் ஒருவர் கிடைத்தால், 18 வயதுப் பையனுக்காக வைத்திருந்த பட்டை ஒரு பத்தி தள்ளிப் போகும்.

எனவே கோச்சிடம் நேராகக் கேளுங்கள்: "எந்த இடத்துக்கு இவனை நினைக்கிறீர்கள்? அந்த இடத்தில் இப்போது யார் ஆடுகிறார், அவர் எப்போது போகிறார்?" இதற்குச் சட்டென்று பதில் வந்தால் பலகையில் உங்கள் மகன் இருக்கிறான். பதில் சுற்றி வளைத்து வந்தால், மற்றக் கல்லூரிகளோடு பேச்சை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கோல் அடிக்கிற பையனை விட்டுவிட்டு அடிக்காதவனை எடுக்கிறார்களே, வீரர்களைத் தேடி வரும் ஸ்கவுட் என்னதான் பார்க்கிறார்?

அடுத்த ஆட்டத்தில் பக் (ஹாக்கி வட்டு) போகும் திசையை விட்டுவிட்டு ஒரே ஒரு டிஃபென்ஸ் வீரரை மட்டும் பாருங்கள். எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. இவன் திரும்பி ஓடுகிறான். பக்கைத் தொடும் முன் தோளுக்கு மேல் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறான்? இரண்டு தடவை பார்ப்பவனுக்கு, துரத்துபவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியும். தொட்டதும் எதிர்ப்பக்கம் திரும்பி ஒரே பாஸில் வெளியே எடுத்துவிடுவான். பார்க்காதவன் சுவரில் மோதுபட்டு, பக்கைக் கண்ணாடியை ஒட்டி எங்கோ அடித்துவிடுவான். ஸ்கோர் தாளில் இது எங்கும் வராது, ஸ்கவுட்டின் நோட்டில் வரும்.

அப்புறம், கோல் வாங்கிவிட்டு பென்ச்சுக்கு வரும்போது அவன் முகம். கூட ஆடியவனைப் பார்த்துக் கையை விரிக்கிறானா, அடுத்த ஷிஃப்டுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தயாராகிறானா? 26 பேர் ஆறு மாதம் ஒரே பஸ்ஸில் போக வேண்டும். அதையும் எடை போட்டுத்தான் எடுப்பார்கள்.

கேள்வி: பெரிய பெயர்களை எடுக்கும் கல்லூரிக்குத்தானே கோப்பை?

2023 கல்லூரிக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். மினசோட்டாவில் என்.எச்.எல். அணிகள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த இளம் நட்சத்திரங்கள் நிறைய. குவினிபியாக்கில் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள். கூடுதல் நேரம் தொடங்கிப் பத்தே விநாடியில் ஜேக்கப் குவில்லன் அடித்த கோலில் 3-2 என்று குவினிபியாக் வென்றது. ராண்ட் பெக்னோல்ட் 1994 முதல் அங்கே கோச். 2025-இல் வெஸ்டர்ன் மிச்சிகன் தன் முதல் பட்டத்தைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-2 என்று தோற்கடித்து வாங்கியது.

நட்சத்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேக்லின் செலப்ரீனி 17 வயதில் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருது வாங்கினார், 2024 என்.எச்.எல். டிராஃப்டில் முதல் ஆள். ஆனால் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியது ஒரே சீசன். அப்படிப்பட்டவர் போகும் இடத்தைக் கோடைக்குள் நிரப்ப வேண்டும். மூத்த அணிக்கு அந்தத் தலைவலி குறைவு.

கேள்வி: முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

முன்பு ஓர் அணிக்கு 18 பேருக்கு ஈடான தொகைதான். அதைப் பாதி, கால் என்று பிரித்துக் கொடுத்தார்கள். புதிய உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகள் விரும்பினால் 26 பேருக்கும் தரலாம். விரும்புகிறார்களா என்பது அந்தந்தக் கல்லூரியின் பணப்பை. ஹார்வர்ட், கார்னல் போன்ற ஐவி கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிதான். என்.சி.ஏ.ஏ.-யின் கீழ்த்தட்டான மூன்றாம் டிவிஷனிலும் விளையாட்டுக்கென்று பணம் இல்லை. கனடாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்கள் விளம்பர வருமானத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். விசா விதி அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மகன் ஐந்து கோச்சுகளுக்கு மின்னஞ்சல் போட்டான். ஒருவரும் பதில் போடவில்லை.

போட முடியாது. ஆண்கள் ஹாக்கியில் பத்தாம் வகுப்பின் ஜனவரி 1 முதல்தான் கோச் பதில் போடவோ பேசவோ முடியும். இடம் தருவதாகச் சொல்வது பதினொன்றுக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல். அனுப்பியதைப் படித்திருப்பார்கள், வீடியோவும் ஆட்ட அட்டவணையும் மட்டும் புதுப்பித்து அனுப்பிக்கொண்டிருங்கள். பெண்கள் ஹாக்கியில் பேச்சு பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்.

கேள்வி: ஒரு கல்லூரிக்கு வருவதாக மகன் வாய்வார்த்தையாகக் கமிட் ஆகிவிட்டான். இனி நிம்மதியா?

வாய்வார்த்தை இரண்டு பக்கத்தையும் கட்டாது. முன்பிருந்த தேசிய உறுதிக் கடிதமும் 2024 அக்டோபரோடு போய்விட்டது. உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்வரை மாதம் ஒரு தடவையாவது கோச்சோடு மகனே பேசட்டும். நீங்கள் பேச வேண்டாம்.

இடையில் மதிப்பெண்ணைக் கவனியுங்கள். முதல் டிவிஷனுக்கு 16 முக்கியப் பாடங்கள் வேண்டும், அவற்றில் சராசரி 2.3-க்குக் குறையக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் தொடங்கி நான்கு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒரு பாடம் மட்டும் கூடுதலாகச் சேர்க்கலாம். ஜூனியரில் ஆடப் போகும் இரண்டு வருடத்தில் பழைய மதிப்பெண்ணைச் சரிசெய்ய வழியில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.