எண்ணாமல் கையொப்பமிடலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் முதியோருக்கான மருத்துவப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் அண்மையில் செவிலியராகச் சேர்ந்திருக்கிறேன். இரவுப் பணி முடித்துப் புறப்படும் மூத்த செவிலியர், கட்டுப்பாட்டு மருந்துகளின் எண்ணிக்கைத் தாளை நீட்டி, “எல்லாம் சரியாக இருக்கிறது, கையொப்பமிட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார். எண்ணிப் பார்க்கிறேன் என்றால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடாதா?

– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ஆகாது. அந்தக் கையொப்பத்தின் பொருள் “நானும் எண்ணினேன்” என்பதே. சாவி உங்கள் கைக்கு வந்தபின் தெரியவரும் குறைவு, அது முதல்நாள் இரவே நேர்ந்திருந்தாலும், உங்கள் பணிநேரத்துக் குறைவாகவே முதலில் கருதப்படும்.

1970ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு மருந்துச் சட்டம், அடிமைப்பழக்கத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய இத்தகைய மருந்துகளை ஐந்து அட்டவணைகளாகப் பிரிக்கிறது. மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் ஆகிய வலிமருந்துகள், மருத்துவப் பயனுள்ளவற்றுள் மிகக் கடுமையான கட்டுப்பாடு கொண்ட இரண்டாம் அட்டவணையில் உள்ளன. ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரைகளும் 2014 அக்டோபரில் அதற்குள் கொண்டுவரப்பட்டன. இரண்டாம் அட்டவணை மருந்துகளைப் பொதுவாக இடம்பெயர்க்க முடியாதபடி பொருத்தப்பட்ட, தனிப்பூட்டு உள்ள பெட்டகத்தில் வைக்க வேண்டும் என்றும், வந்ததும் செலவானதும் ஒப்பிட்டுச் சரிபார்க்கத்தக்க பதிவுமுறையை மருந்தாளுநர் ஏற்படுத்த வேண்டும் என்றும் கூட்டாட்சி விதிகள் கூறுகின்றன. பணிமாற்றத்தின்போது இருவர் சேர்ந்து எண்ணுவது பெரும்பாலும் அந்தந்த இல்லத்தின் நடைமுறை விதியாகவோ மாநில விதியாகவோ இருக்கும். உங்கள் இல்லத்தின் விதியை எழுத்துவடிவில் கேட்டுப் படித்துவிடுங்கள்.

எண்ணும்போது ஒருவர் தாளையும் மற்றவர் மருந்தையும் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டையின் முன்பக்கத்தோடு நின்றுவிடாமல் திருப்பிப் பாருங்கள். பின்புறத் தாளைக் கீறி மாத்திரையை எடுத்துவிட்டு, உருவத்தில் ஒத்த வேறொன்றை வைத்து ஒட்டுநாடாவால் மூடிய நிகழ்வுகள் உண்டு. திரவ மார்ஃபின் புட்டியைக் கண்மட்டத்தில் வைத்து அளவுக்கோட்டைப் படியுங்கள். இவற்றைவிட முக்கியமானது, அட்டைகளின் மொத்த எண்ணிக்கையையும் தாள்களின் மொத்த எண்ணிக்கையையும் குறித்துவைப்பது. ஓர் அட்டையும் அதற்குரிய தாளும் சேர்ந்தே காணாமற்போனால், எஞ்சியவை அனைத்தும் மிகச் சரியாகப் பொருந்தும். குறைவு நடந்ததே தெரியாது.

வேறுபாடு தெரிந்தால் சாவியைப் பெறாதீர்கள். புறப்படும் செவிலியர் அங்கிருக்கும்போதே மேற்பார்வையாளரை அழையுங்கள். பழைய பதிவின் மேல் திருத்தி எழுதி எண்ணைச் சரிக்கட்டுவது, கைதவறி உடைந்த ஒரு மாத்திரையைக்கூடக் குற்றமாகத் தோன்றச் செய்துவிடும்.

கேள்வி: புற்றுநோய் எலும்புக்குப் பரவிய என் தந்தை அத்தகைய இல்லத்தில் இருக்கிறார், நினைவும் தவறிவருகிறது. இரவில் வலிமாத்திரை கொடுத்ததாகப் பதிவு சொல்கிறது; ஆனால் அவர் விடியும்வரை முனகுகிறார். நான் என்ன கேட்கலாம்?

– ஒரு வாசகர், டெக்சஸ்

பதில்: முதலில் மருத்துவரிடம் வலியைப் பற்றிப் பேசுங்கள். நோய் முற்றும்போதும் உடல் மருந்துக்குப் பழகும்போதும் பழைய அளவு போதாமற்போவது மிக இயல்பு. கட்டுப்பாட்டின் கடுமைக்கு அஞ்சி, வலியில் துடிப்பவருக்கு மருந்தைக் குறைப்பது எனக்கு ஒருபோதும் ஏற்புடையதன்று.

அதனுடன் இரண்டு பதிவுகளையும் கேளுங்கள். பூட்டிய பெட்டகத்திலிருந்து மாத்திரை எடுத்ததைக் காட்டுவது எண்ணிக்கைத் தாள். நோயாளிக்குக் கொடுத்ததைக் காட்டுவது மருந்து வழங்கல் பதிவு. எடுத்த ஒவ்வொரு மாத்திரைக்கும், கொடுத்த நேரமும் அதன்பின் வலி எவ்வளவு தணிந்தது என்பதும் இருக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் தர வேண்டிய மாத்திரை ஒரே ஒருவரின் பணிநேரத்தில் மட்டும் அடிக்கடி எடுக்கப்பட்டிருந்தால் விளக்கம் கேட்பது நியாயம். தனக்கு மாத்திரை வரவில்லை என்று சொல்ல இயலாத நோயாளிகளிடமிருந்துதான் திருடுவது எளிது.

தந்தையோ அவருடைய சட்டப் பிரதிநிதியோ கேட்டால், விடுமுறை நாள்கள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவருடைய பதிவுகளைக் காட்ட வேண்டும். அவருடைய மருந்து அவருடைய உடைமை. அது களவுபோனதாகப் புகார் எழுந்தால் இல்லம் 24 மணி நேரத்துக்குள், கடுமையான உடற்தீங்கு நேர்ந்திருந்தால் 2 மணி நேரத்துக்குள், மாநில அதிகாரிகளுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. இல்லம் செவிசாய்க்காவிட்டால், ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள நீண்டகாலப் பராமரிப்புக்கான குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

கேள்வி: பராமரிப்பு இல்லத்திலேயே காலமான என் தாயாரின், வலிக்காகத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் ஒட்டுப்பட்டைகள் மீதமுள்ளன. வலியால் வாடும் உறவினருக்குக் கொடுக்கலாமா?

– ஒரு வாசகி, கலிஃபோர்னியா

பதில்: உங்கள் இழப்புக்கு என் இரங்கல். ஆனால் கொடுக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம், ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை மருந்துகள் பழக்கமில்லாதவருக்கு ஒரே பட்டை மூச்சை நிறுத்திவிடவும் கூடும். 2014இல் வந்த விதிகளின்படி இல்லமே அவற்றை அழிப்புக்கு அனுப்பலாம். அங்கு மருந்தகம் வைத்த சேகரிப்புப் பெட்டி இருந்தால், பயன்பாடு நின்ற 3 வேலைநாள்களுக்குள் அதில் இட வேண்டும். 72 மணி நேரம் உடலில் இருந்து கழற்றிய பட்டையிலும் கணிசமான மருந்து எஞ்சியிருக்கும் என்பதால், அதையும் வெறும் குப்பையில் எறிவதில்லை. எத்தனை பட்டைகள் மீதமிருந்தன, எந்த நாளில் அகற்றப்பட்டன, சாட்சியாக யார் கையொப்பமிட்டார் என்பதை இல்லத்திடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.