மந்திரி ‘பரிசீலிக்கிறோம்’ என்றால் விட்டுவிடாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேரள சட்டசபை கூடப்போகிறது என்றதும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மூணாறு, வட்டவடை, பீர்மேடு, கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி என்று எல்லாப் பக்கமிருந்தும். போன தடவை சொன்னதையே திரும்பச் சொல்கிறேன்: எந்த ஊர், எந்தத் துறை, எந்த வருஷம், இந்த மூன்றும் இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு நானும் ஒன்றும் செய்ய முடியாது, உங்கள் எம்.எல்.ஏ.வும் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) மழைக்கு ஒழுகாத வீடு இல்லை. டீ போர்டு என்ன செய்கிறது என்று சட்டசபையில் கேட்க வைக்க முடியுமா?
*தோட்டத் தொழிலாளி, தேவிகுளம் தாலுகா*

டீ போர்டு மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருவது. திருவனந்தபுரத்தில் கேட்டால் ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதோடு, உங்கள் கூரைக்கும் டீ போர்டுக்கும் சம்பந்தமே இல்லை. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த காலம் தொட்டே வீடு கொடுப்பதும் அதைப் பழுது பார்ப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகம் அதைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டியது மாநிலத் தொழிலாளர் துறை. ஆகவே கேள்வி தொழிலாளர் துறை மந்திரிக்குப் போக வேண்டும்.

‘லயங்கள் மோசமாக இருப்பது அரசின் கவனத்துக்கு வந்ததா?’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். ‘வரவில்லை’ என்று பதில் வரும், கதை முடிந்தது. இப்படி எழுதிக் கொடுங்கள்:

(அ) இன்ன எஸ்டேட், இன்ன டிவிஷன் லயங்களைத் தோட்ட ஆய்வாளர் கடைசியாக எந்தத் தேதியில் ஆய்வு செய்தார்;
(ஆ) பழுது என்று குறித்த வீடுகள் எத்தனை;
(இ) நிர்வாகத்துக்கு நோட்டீஸ் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது;
(ஈ) அதன்பேரில் சரிசெய்யப்பட்ட வீடுகள் எத்தனை?

நான்கும் தேதி அல்லது எண்ணிக்கை. மழுப்ப இடம் இல்லை. ஆய்வே நடக்கவில்லை என்றால் அதையும் அவர்கள் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.

போடிமெட்டு–மூணாறு ரோட்டைப் பற்றி எம்.எல்.ஏ. ஏன் வாயே திறப்பதில்லை?
*ஜீப் டிரைவர், சூரியநெல்லி*

அது தேசிய நெடுஞ்சாலை 85, மத்திய அரசு விஷயம். எம்.பி.யைப் பிடியுங்கள்.

நட்சத்திரக் கேள்வி பெரிதா, நட்சத்திரம் இல்லாதது பெரிதா? எங்கள் ஊர் விஷயத்துக்கு நட்சத்திரம் வாங்கித்தர எம்.எல்.ஏ. மறுக்கிறார்.
*பெயர் வேண்டாம், பீர்மேடு*

நட்சத்திரம் ஒன்றும் பட்டம் இல்லை. நட்சத்திரம் போட்டால் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், மேலே துணைக் கேள்வி கேட்கலாம். போடாவிட்டால் எழுத்தில் பதில் வரும். கேரள சபையில் ஒரு நாளைக்கு 30 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலில் இருக்கும். நேரமோ ஒரு மணிதான். துணைக் கேள்வியும் கூச்சலும் போக, வாய்மொழியாகப் பதில் வருவது விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். மற்றதெல்லாம் எழுத்துப் பதிலாகவே போய்விடும். மக்களவையில் 20-க்கு நட்சத்திரம், 230-க்கு இல்லை.

உங்களுக்குக் கணக்கு வேண்டுமென்றால் நட்சத்திரம் இல்லாததே போதும். மந்திரியைச் சபையில் நிறுத்தி மடக்க வேண்டுமென்றால்தான் நட்சத்திரம். பீர்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கழிவறை எத்தனை என்பதற்கு எதற்கு அது? உங்கள் எம்.எல்.ஏ. சொன்னது சரி.

தமிழ் மீடியம் ஆசிரியர் காலியிடம் பற்றி எங்கள் எம்.எல்.ஏ. கேட்டார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. கேள்வி கேட்டதே வீண்தானே ஐயா?
*பெற்றோர் ஒருவர், மூணாறு கல்வி உபமாவட்டம்*

இந்தக் கேள்வி எந்த உருவத்திலாவது எப்போதும் வருகிறது. எப்போதும் எனக்குக் கோபமும் வருகிறது.

‘பரிசீலனையில் உள்ளது’ என்பது பதில் இல்லாத பதில் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சபை வழக்கப்படி அது வாக்குறுதி. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘விசாரித்துச் சொல்கிறேன்’, ‘தகவல் சேகரித்துச் சபையின் முன் வைக்கிறேன்’ ஆகிய வாசகங்களை மந்திரி சொல்லிவிட்டால் அது வாக்குறுதிதான் என்று மக்களவையில் ஒரு பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்க்க உறுதிமொழிக் குழு என்று ஒன்று 1953 முதல் இருக்கிறது. கேரள சட்டசபையிலும் அப்படி ஒரு குழு உண்டு. மந்திரி தப்பித்துவிட்டார் என்று நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்ட அந்த வரியில்தான் அவர் மாட்டியிருக்கிறார். பிடித்து இழுக்க வேண்டியவர்கள் அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்க அறையில் மந்திரியின் பதிலை லேமினேட் செய்து, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். மாட்டட்டும். அதன் மூன்றாவது வரியில் ‘அடுத்த கல்வியாண்டுக்குள்’ என்று இருந்தது. அந்தக் கல்வியாண்டு போய், அதற்கு அடுத்ததும் போய்விட்டது. ஆணி அடித்தவர் முதற்கொண்டு ஒருவரும் அந்த வரியைப் படித்த மாதிரி தெரியவில்லை. எம்.எல்.ஏ. பேசிய வீடியோவை ஊர் முழுக்க அனுப்பினார்களாம். அதை மட்டும் பெருமையாகச் சொன்னார்கள்.

இதைவிட மோசம் ‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்ற பதில். மாசாமாசம் சம்பளம் போடுகிற துறைக்குத் தன் பள்ளியில் எத்தனை பேருக்குச் சம்பளம் போகிறது என்று தெரியாதா? மூணாறு ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் அரை மணியில் கிடைக்கிற கணக்கு அது. கேள்வி பட்டியலில் ஏறுவதற்கு முன்பே துறையின் கைக்குப் போய்விடுகிறது. மக்களவையில் 15 முழு நாள் முன்னதாகக் கேள்வியைக் கொடுக்க வேண்டும். இங்கேயும் காலையில் எழுதிக் கொடுத்துப் பத்து மணிக்குக் கேட்கிற ஏற்பாடு இல்லை. அவ்வளவு நாளும் சேராத தகவல் எப்போது சேரும்? சபை கலைந்த பிறகு சேரும். அப்போது அதைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள் என்பது துறைக்குத் தெரியும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அந்தப் பதிலின் நகலை எம்.எல்.ஏ. ஆபீசில் வாங்குங்கள். சட்டசபை இணையதளத்திலும் கிடைக்கும், மலையாளத்தில். கேள்வி எண்ணும் தேதியும் இல்லாத நகல் வெறும் காகிதம், அதைப் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்ணைக் குறிப்பிட்டு, உறுதிமொழிக் குழுவுக்கு எழுதும்படி எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் பழைய கேள்வியையே திரும்பக் கொடுக்கக் கூடாது, ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று என்று தள்ளிவிடுவார்கள். ‘இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள கேள்விக்குக் கொடுத்த பதிலின்படி எடுத்த நடவடிக்கை என்ன, எத்தனை பணியிடம் பி.எஸ்.சி.க்கு (அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு) தெரிவிக்கப்பட்டது, எந்தத் தேதியில்?’ என்று கேட்டால் அது புதுக் கேள்வி. தள்ள முடியாது.

சித்தூரில் ரேஷன் அரிசி வாயில் வைக்க முடியவில்லை. எந்த மந்திரி பொறுப்பு?
*சித்தூர் வாசகர்*

எந்தச் சித்தூர்? ஆந்திராவில் ஒன்று இருக்கிறது, பாலக்காட்டில் ஒன்று இருக்கிறது, இரண்டிலும் தமிழர்கள் இருக்கிறோம். எதுவானாலும் உணவு வழங்கல் துறை மந்திரிதான். கடை எண்ணும் மாதமும் இல்லாமல் அவரிடம் போகாதீர்கள்.

ஆழியாறு தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. தமிழ்நாடு ஏன் தரவில்லை என்று கேரள மந்திரியைக் கேட்க முடியுமா?
*தென்னை விவசாயி, கொழிஞ்சாம்பாறை*

‘ஏன் தரவில்லை’ என்று கேட்டால் அவர் எப்படிச் சொல்வார்? அது அடுத்த மாநிலத்தின் விஷயம் என்று கேள்வியே அனுமதி பெறாது. தமக்கு என்ன வந்தது என்பதை அவர் சொல்லியாக வேண்டும். இரு மாநிலங்களும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, தண்ணீரை அளக்கிற இடமான மணக்கடவில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. கிடைக்க வேண்டும். கணக்கு ஜூலை 1-இல் தொடங்கும், ஜனவரியில் இல்லை. இதைக் கவனிக்காமல் ஆண்டுக் கணக்கு கேட்டு, குழம்பிய பதில் வாங்கியவர்கள் நிறைய. ஜூலை 1 முதல் இன்றுவரை மணக்கடவில் அளந்த தண்ணீர் எவ்வளவு, மாதவாரியாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். குறைந்திருந்தால் கூட்டு ஒழுங்குமுறை வாரியத்தில் கேரளம் எந்தத் தேதியில் எழுப்பியது என்பது அடுத்த பிரிவு. தமிழ்நாட்டுப் பக்கத்துக் கேள்வியைப் பொள்ளாச்சிப் பக்கத்து எம்.எல்.ஏ. சென்னையில் கேட்கட்டும்.

இதையே முல்லைப் பெரியாறுக்கும் கேட்டு இரண்டு மூன்று கடிதம் வந்திருக்கிறது. கோர்ட்டில் நடக்கிற வழக்கின் விஷயத்தைக் கேள்வியாக ஏற்க மாட்டார்கள்.

நான் மலையாளம் எழுதத் தெரியாதவன். தமிழில் மனு கொடுத்தால் வாங்குவார்களா? எம்.எல்.ஏ. தமிழில் கேள்வி கேட்கலாமா?
*வட்டவடை வாசகர்*

மனுவைத் தாராளமாகத் தமிழில் கொடுக்கலாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்று அரசியல் சட்டம் 350-ஆம் பிரிவு சொல்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கே தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியில் வர வேண்டும் என்கிறது. வாங்க மறுக்கிற குமாஸ்தாவிடம் இதைச் சொல்லுங்கள். பதில் தமிழில் வருகிறதா என்பது வேறு கதை.

சபையில் பேசுவதற்கு 210-ஆம் பிரிவு. மாநில ஆட்சிமொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ சரிவரப் பேச முடியாத உறுப்பினர் தாய்மொழியில் பேச சபாநாயகர் அனுமதிக்கலாம். 2021-இல் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ. ராஜா பதவிப் பிரமாணமே தமிழில்தான் எடுத்தார். தமிழ் வாசகத்தில் ‘கடவுளின் பெயரால்’ அல்லது ‘உளமார’ என்ற இடம் விடுபட்டிருந்ததால் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் கேள்வி நோட்டீஸ் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் போகும். தமிழ் மனுவோடு மலையாளத்தில் அரைப் பக்கச் சுருக்கம் ஒன்றும் இணையுங்கள். பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்களே, எழுதச் சொல்லுங்கள். பள்ளி, வார்டு, சர்வே எண் ஆகியவை அரசு ஆவணத்தில் இருப்பது போலவே இருக்கட்டும்.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. தன் மந்திரியை எப்படிக் கேள்வி கேட்பார்? கண்துடைப்புத்தானே?
*கல்லூரி மாணவர், பாலக்காடு*

பாதிக்கு மேல் கண்துடைப்புத்தான். ‘அரசின் சாதனைகளை விளக்க முடியுமா’ என்ற ரகம். ஆனால் எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிடாதீர்கள். 1957-இல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் போடப்பட்டது மக்களவையில் கேள்வியாகத்தான் முதலில் கிளம்பியது. விடாமல் துருவியவர் பிரோஸ் காந்தி. காங்கிரஸ் எம்.பி., பிரதமர் நேருவுக்கு மருமகன். விஷயம் சாக்ளா விசாரணைக் கமிஷன் வரை போய், 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

கேள்வி கேட்க எம்.எல்.ஏ.வுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?
*ஒரு வாசகர், அட்டப்பாடி*

ஒரு பைசா கூடாது. கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள்.

எங்கள் வார்டு கொடுமைகளை விவரித்து நான்கு பக்கம் அனுப்பியிருக்கிறேன். அப்படியே சபையில் வாசிக்க ஏற்பாடு செய்யவும்.
*‘கொதிக்கும் குடிமகன்’, கோவிந்தாபுரம்*

நான்கு பக்கத்தையும் படித்தேன். மந்திரியைக் ‘கொள்ளைக்காரர்’ என்று ஏழெட்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தேதிகூட இல்லை. கேள்வியில் வாதம், அடைமொழி, கிண்டல், ஊகம் எதுவும் இருக்கக் கூடாது. மக்களவை விதிப்படி சுமார் 150 வார்த்தை. ஒரு கேள்வியில் ஒரு விஷயம். கோபத்தை மேடையில் பேசிக்கொள்ளுங்கள், கேள்வித்தாளில் வேண்டாம்.

உங்கள் மூன்றாம் பக்கத்தில், அடிக்கோடு போடாமல் ஒரு வரி இருக்கிறது: ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறார் என்று. நல்ல கேள்வி அது ஒன்றுதான். அந்த நிலையத்துக்கு அனுமதித்த பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, போன ஆறு மாத வருகைப் பதிவேட்டின்படி எத்தனை நாள் டாக்டர் வந்தார் என்று 10 ரூபாய் கட்டி முதலில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தத் தாளோடு எம்.எல்.ஏ.விடம் போங்கள்.

தெருவிளக்கு எரியவில்லை. சட்டசபையில் கேட்க முடியுமா?
*மறையூர் வாசகி*

வேண்டாம் அம்மா. வார்டு மெம்பரிடம் சொல்லுங்கள், அசையாவிட்டால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். சொன்னதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.